கலாசி போட்ட தளம்

டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னால் ஒரு சிமெண்டு முற்றம் இருந்தது. மழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, சமையலறைக்குள் புகுந்துவிடும். அந்தமானில் பாதி வருஷம் மழைதான்.

"இன்னொரு தடவ அடுப்புல தண்ணி ஏறட்டும், அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

இதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே வந்தார். தூத்துக்குடிக்காரர், கப்பலில் தளவேலை பார்க்கும் கலாசி. குட்டையான, கறுத்த மனிதர். தரையில் நின்றாலும், அடுத்த அலைக்குத் தயாராக இருப்பவர்போல் கால்களை அகட்டித்தான் நிற்பார்.

"கப்பல்ல எங்கயாச்சும் தண்ணி நின்னு பாத்திருக்கியளா சார்? நான் போட்டுத் தாரேன்" என்றார்.

லீவு நாட்களில் பழைய தளத்தை உடைத்துப் புதிதாகப் போட்டார். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. அச்சு அசலாகக் கப்பலின் மேல்தளம்! நாற்காலியைப் போட்டேன், சாய்ந்தது. டீத் தம்ளரை வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது.

"இதுல எப்படிங்க உக்கார்றது?"

"கால அகட்டி உக்காருங்க சார். அச்சா, பழகிரும்."

அன்று மாலையே மழை கொட்டியது. தண்ணீர் இருபுறமும் வழிந்து சாக்கடைக்கு ஓடியது. சமையலறையில் ஒரு சொட்டு இல்லை. அவர் மேட்டின் உச்சியில் நனைந்தபடி நின்று சிரித்தார்.

"அடுத்த கப்பல் எப்போ?" என்று மனைவியைச் சீண்டினேன்.

"அதான் வீட்டுக்கே வந்துடுச்சே!" என்று அவளும் மழையில் இறங்கினாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவளும் கால்களை அகட்டித்தான் நின்றாள்.