படகுக்குள் நுழையாத மெத்தை

போன வருடம் தை மாதம் ஓசூரில் நடந்தது இது. நான் இங்கே வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நாற்பத்து நாலு வயதில் எனக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்தது. கயாக் ஓட்டுவது!

கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லியான படகு. கால்களை நீட்டி உள்ளே நுழைத்துக்கொண்டு, இரண்டு முனையும் தட்டையாக உள்ள ஒரே துடுப்பால் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். எங்கள் டிசைன் பிரிவில் வேலை செய்யும் ஒரு கன்னடப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஐந்தாறு பேருக்கு ஏரியில் சொல்லிக்கொடுத்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் எங்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

ஒரு நாள் கேன்டீனில் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். கர்நாடகப் பக்கம் ஒரு பெரிய நீர்த்தேக்கம். இரண்டு நாள் பயணம். சாமான்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டு போய், நடுவிலுள்ள மணல் திட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் திரும்புவது. அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் என் முதுகு இருக்கிறதே! இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பில் டிஸ்க் விலகி மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தவள் நான். வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் நிதானமாக, "நீ தண்ணில போறதுக்கு எனக்குப் பயமில்ல. தரையில படுத்து எந்திரிக்கணுமே, அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றார். தலைவியும் விடவில்லை. வீட்டுத் தரையில் ஒரு ராத்திரி முழுக்கப் படுத்து, காலையில் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தால்தான் எனக்கு இடம் என்று சொல்லிவிட்டாள். நடுத் தண்ணீரில் முதுகு பிடித்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? அவள் சொன்னது நியாயம்தான்.

அன்றிலிருந்து எனக்கு வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் படுக்கை ஆராய்ச்சிதான். முதலில் யோகா பாயில் படுத்தேன். காலையில் வீட்டுக்காரர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். அடுத்ததாக ஆன்லைனில் ஒரு காற்று மெத்தை வாங்கினேன். ஒரு சாண் உயரம், சொகுசான சொகுசு. எழுந்ததும் ஹாலில் ஒரு ஆட்டமே ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டி ஏரிக்குக் கொண்டுபோனால், படகுக்குள் நுழையவில்லை! கயாக்கின் பின்பக்கம் சாமான் வைக்கும் வாய் வட்டமாக, குடத்து வாயைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். உட்கார்ந்து அமுக்கினேன், முழங்காலால் தள்ளினேன். எல்லோரும் சிரித்தார்கள். நாள் முழுக்க அடுத்தவர் செய்த பாகங்களை அளந்து 'சரியில்லை' என்று ஒதுக்குகிற நான், அந்த வாயை அளந்து பார்க்காமல் மெத்தை வாங்கியிருந்தேன்.

மூன்றாவதாக, சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவே வரும் மெல்லிய காற்று மெத்தை. படகுக்குள் அழகாகப் போனது. ஆனால் அதில் படுத்த ராத்திரி இடுப்பெலும்பு கன்றிப்போய், விடியும்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். சனிக்கிழமை பயணம். அன்று செவ்வாய்.

எங்கள் பேக்கிங் பிரிவில் ஒருவர், தொழிற்சாலைகளுக்கு ஃபோம் வெட்டிக்கொடுக்கும் கடை ஒன்று சூளகிரியில் இருப்பதாகச் சொன்னார். ஷிப்ட் முடிந்ததும் அந்த மெல்லிய மெத்தையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஹைவேயில் போய்ச் சேர்ந்தேன். கடையில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, நீளக் கத்தியால் ஃபோமை அறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"படகுலயா படுக்கப் போற?"

"இல்லக்கா, படகுல கொண்டுபோயி மணல்ல படுக்கணும்."

"சரி, படு."

"எங்கக்கா?"

"இங்கதான். படுத்துப் பாக்காம படுக்கை எப்படிம்மா வாங்குவ?"

வாசலில் ஆள் நடமாட்டம். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்த அக்கா போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். தரையில் அட்டையை விரித்தார். அதன்மேல் என் மெத்தையைப் போட்டு, என்னைப் பார்த்தபடியே அவரே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்! "எனக்கும் முதுகுல ஆபரேசன் ஆச்சு. எப்படிப் படுக்கறதுன்னு தெரியாம ஆறு மாசம் அழுதிருக்கேன். வா" என்றார். அதற்குமேல் எனக்கு ஏது கூச்சம்? அவர் எழுந்ததும் நான் படுத்தேன்.

என் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தார். தோளுக்குக் கீழே பார்த்தார். "இன்னாம்மா, பஸ் டயராட்டம் அடிச்சு வெச்சிருக்க!" என்று சொல்லி, நான் படுத்திருக்கும்போதே மூடியைத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டார். என் இடுப்பு மெல்ல இறங்கியது. எலும்பு தரையைத் தொடுவதற்கு இரண்டு விரல் இருக்கும்போது மூடிவிட்டார். அந்த நிமிடம் வந்த சுகத்தை எப்படிச் சொல்வது! காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, கன்னம் வலிக்க ஊதி ஊதி நானே என் முதுகைக் கெடுத்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுப்பவளுக்குப் பாரம் முழுவதும் இடுப்பிலும் தோளிலும்தான் இறங்கும், அந்த இரண்டு இடத்துக்கும் ஏந்தல் கிடைத்தால் போதும் என்றார். தரையின் குளிர் ஏறாமலிருக்க அடியில் போட ஒரு ஃபோமும் வெட்டினார். படகின் வாய் அளவைக் கேட்டு (இந்த முறை எழுதி வைத்திருந்தேன்), மூன்று பட்டையாக அறுத்து, மடிக்கிற மாதிரி துணி டேப் ஒட்டித் தந்தார்.

அன்று ராத்திரி வீட்டுத் தரையில் படுத்தவள், அலாரம் அடித்தும் எழவில்லை. பயந்துபோய் வீட்டுக்காரர் உலுக்கினார். நான் எழுந்து உட்கார்ந்தேன். நின்றேன். யார் கையையும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஆறு படகுகள் புறப்பட்டன. காலையில் கண்ணாடி போல இருந்த தண்ணீர் மதியத்துக்கு மேல் காற்றில் சுருண்டு, அலை மடியில் வந்து விழுந்தது. "அக்கா, நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க!" என்று தலைவி பக்கத்திலேயே கத்திக்கொண்டு வந்தாள். மணலில் படகு உரசியபோது நான் கூச்சலே போட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்து குளிர் இறங்கியதும் அவரவர் படுக்கையை விரித்தோம். அப்போதுதான் தெரிந்தது, தலைவியின் காற்று மெத்தையில் கருவேல முள் ஏறியிருந்தது. மூன்று இடத்தில் ஓட்டை. ஒட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. மறுநாள் அதே காற்றில் எங்களைக் கூட்டிப்போக வேண்டியவள் அவள். குளிரில் தூங்காமல் கிடந்தால் என்ன ஆகும்? அடியில் விரித்த ஃபோமை உருவி நீட்டினேன். "பேடா அக்கா, பேடா" என்று கன்னடத்தில் மறுத்தாள். "உங்க முதுகு?"

எனக்கும் அந்தக் கவலைதான். ஃபோம் இல்லாத மெத்தையில் படுத்துப் பார்த்தேன். மணல் சில்லென்று மேலே வந்தது, இடுப்பும் வலித்தது. சூளகிரி அக்கா செய்த மாதிரியே இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்திருந்த லைஃப் ஜாக்கெட் ஒன்றை இடுப்புக்கு நேராகவும், இன்னொன்றைத் தோளுக்கு நேராகவும் மெத்தைக்கு அடியில் வைத்தேன். மூடியைத் திருகிக் கொஞ்சம் காற்றை விட்டேன். நின்றது வலி. "எனக்கு இது போதும், நீ படு" என்றேன்.

விழித்தபோது கூடாரத் துணி வெளுத்திருந்தது. முழங்காலை மடக்கினேன், கையை ஊன்றினேன், எழுந்துவிட்டேன். வெளியே யாரும் இல்லை. தண்ணீர்மேல் பனி புகையாக ஓடிக்கொண்டிருந்தது. மணலில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "எந்திரிச்சிட்டேன்! தானா எந்திரிச்சிட்டேன்!" என்று கத்தினேன். கூடாரத்துக்குள்ளிருந்து ஐந்து பேரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பயணம் போய்வந்துவிட்டேன். போகப்போவது நான், அந்த அக்கா கயாக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் என் கூச்சம் போகட்டும் என்று தன் ஆபரேஷன் முதுகைத் தரையில் கிடத்திக் காட்டினாரே, யாராவது என்னிடம் உதவி கேட்டுத் தயங்கி நிற்கும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான் வந்து என்னை முதல் அடி எடுத்து வைக்கச் சொல்கிறது.