மட்டையில் தெளித்த தண்ணீர்

"கோட்டயத்துக்குப் போன ரோலெல்லாம் ஈரமாம்ல, லாரிக்காரக பேசிக்கிட்டாக" என்று பண்ணைப்புரத்து மச்சான் போனில் சொன்னதிலிருந்து மஸ்கட்டில் எனக்கு வேலை ஓடவில்லை.

அவை என் அக்கா பாண்டீஸ்வரி கட்டிய ரோல்கள். தேனிப் பக்கம், தோட்டத்து மண்ணை மூடும் பிளாஸ்டிக் ஷீட்டை ரோலாகச் சுற்றி விற்கிற கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. ரோலுக்கு ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே பபிள் ஷீட் என்று குப்பை சேருவதைப் பார்க்கப் பொறுக்காமல், "வெத்தலையவே வாழைமட்டையில கட்டி அனுப்புறோம், இது நசுங்கிருமாக்கும்?" என்று முதலாளியிடம் கேட்டாள். அக்கா கொடிக்காலில் வெற்றிலை அடுக்கி வளர்ந்தவள்.

"கட்டு ஆத்தா. இந்த லோடு கெட்டா பழையபடி பெட்டிதான். நீயும் பேக்கிங் பக்கம் வரக்கூடாது" என்றாராம் அவர்.

நாலு ரோலை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு முனைக்கும் காய்ந்த மட்டை வைத்து நாரால் இறுக்கினாள். லாரி கிளம்பிய பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, வெத்தலைக்குத் தெளிக்கிற மாதிரி மட்டைக்கும் தண்ணி தெளிச்சுட்டேன்டா. கைப்பழக்கம்."

"பிளாஸ்டிக்குக்கு என்னக்கா ஆகும்?"

"நடுவுல இருக்கறது அட்டைக் குழாய்டா, படிச்சவனே! ஊறுனா ரோல் சுத்தாது."

சிரித்தாள். ஆனால் குரல் சரியில்லை.

இன்று காலை கோட்டயத்தில் லோடு பிரிக்கிறார்கள். அக்காவை மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.