வத்தல்மலையில் பழகும் உடம்பு

விரல் கண்ணில் பட்டால் போதும், தீர்த்தகிரி கிளிப்பை மாட்டிவிடுவார். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அதே ஆக்சிஜன் கிளிப்தான். டீக்கடை மாயவன் கிளாஸை நீட்டினால், கிளாஸை விட்டுவிட்டு அவன் விரலைப் பிடிக்கிறார்.

"அண்ணா, டீ ஆறுது. உசுரோடதான இருக்கேன், பாத்தா தெரியலையா?"

"தொண்ணூத்தேழு. பொழச்சுக்குவ, போ."

தீர்த்தகிரி லடாக்கில் ராணுவ வண்டி மெக்கானிக். பனியில் விறைத்த இன்ஜினை எழுப்ப அவரை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய சொந்தக் கருத்து. போன குளிரில் எழுப்ப முடியாமல் கிடந்தது அவர்தான். நுரையீரலில் நீர் கோத்து, ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்கினார்கள். இப்போது ஊரில் லீவு. அது முடிந்ததும் மெடிக்கல் போர்டு. மறுபடி மலைக்கு அனுப்புவதா, சமவெளியில் ஏதாவது ஸ்டோரில் உட்காரவைப்பதா என்று அவர்கள் சொல்வார்கள்.

ராணுவ டாக்டர் சொன்னதை ஊருக்கே விளக்கியாயிற்று. "ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும், ஜீன்ல, ஒரு சுவிட்சு இருக்கு. காத்து கொறஞ்சா தானா விழும், ரத்தம் அதிகமா ஊறும். ரொம்ப ஊறுனா கூழாட்டம் கெட்டியாயிரும். அந்தூர்ல பொறந்தவனுக்கு அப்படி ஆவறதில்ல. அவன் சுவிட்சே வேற, பாட்டன் பூட்டன் குடுத்தது. நம்முளுது ஒகேனக்கல் தண்ணி குடிச்ச ஒடம்பு."

இவ்வளவு தெரிந்த மனுஷன்தான் உடம்பைப் பழக்குகிறேன் என்று தினமும் விடியலில் வத்தல்மலை ஏறுகிறார். ராத்திரிக்கு பீட்ரூட், காலையில் பேரீச்சை. உச்சியில் கிளிப் என்ன காட்டியது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

மனைவி மணிமேகலை கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நேற்று பஸ் ஏறி மலைக்கே போய்விட்டாள். பாறையில் இளைப்பாறிக்கொண்டிருந்தவரின் சட்டைப்பையில் கைவிட்டு, கிளிப்பை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு. தன் விரலில் மாட்டினாள். அதே தொண்ணூற்றேழு.

"ஏங்க, நான் பஸ்ஸுல உக்காந்து வந்தவ. எனக்கும் இதேதான். வூட்லயும் இதேதான். இந்த மலைக்கெல்லாம் உங்க சுவிட்சு அசையாதுங்க."

"காலு பழகும்ல?"

"பழகட்டும். தண்ணி கோத்தது காலுலயா?"

அவர் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டோர்ல உக்காந்து பல்பு எண்ணச் சொல்றியா, மணி?"

"எண்ணுங்க. எண்ணிட்டு வூடு வந்து சேருங்க."

இன்று விடியலிலும் தீர்த்தகிரி ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்த கிளிப்பை எடுத்து, அடுப்படி அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, மலைப்பக்கம் நடந்தார்.