அத்தானின் காருக்கு நான் குறித்த ஆண்டு

“2025 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை. முற்பகல் 10.40. அக்கா வீடு. பொனட்டுக்குக் கீழே உள்ள சேஸி இலக்கத் தகடு வாசிக்கப்பட்டது. இலக்கம் தெளிவு. பட்டியலின்படி உற்பத்தி ஆண்டு 1977. அத்தானின் தகப்பனார் இறந்தது 1974. கூற்று பொருந்தவில்லை.”

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ள பதிவு இது. முப்பது வருடங்களாக இப்படி எழுதி வருகிறேன். வாவியின் முகத்துவாரம் வெட்டப்பட்ட நாட்கள், வெள்ளம் எந்த வீட்டில் எத்தனையாவது படி வரை ஏறியது, எந்தக் கோயிலுக்கு எந்த ஆண்டு புதுத் தேர் வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். திகதியில் வாக்குவாதம் வந்தால் ஊரில் என்னிடம் வருவார்கள். அவர்கள் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். யாரோ ஒருவர் சொன்னது பிழை என்று முடியும்போது இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். அதையும் எழுதிவைப்பதுதான் நேர்மை.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குப் போகும். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பான். அம்மாவின் வீடு அக்காவுக்கு வந்தது. கூடவே வீட்டைச் சுற்றிய வளவும், வட்டையில் இரண்டு துண்டு வயலும். 1976 இல் அத்தான் கதிரவெளியிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தார். அப்போது எனக்கு ஒரு வயது. அக்கா மூத்தவள், நான் கடைசி. எனக்கு நினைவு தெரிந்தபோது அத்தானும் அவருடைய காரும் வளவில் இருந்தார்கள்.

கிணறு அக்காவுடையது. மாடுகள் அக்காவுடையவை. அத்தான் படுக்கும் கட்டில்கூட அம்மா செய்வித்தது. கார் மட்டும் அவருடையது, அவருடைய அப்பா விட்டுப்போன முதுசம். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் நீளமான ஜப்பான் கார். 1971 இல் செய்தது. அடுத்த வருடம் நாட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கொழும்பில் அப்பா வாங்கினார் என்று அத்தான் சொல்வார். அந்தக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளை அறிந்தவனுக்கு இது நம்பக்கூடிய கதைதான். பனிச்சங்கேணியில் தண்ணீர் தெருவை மூடிப் பாய்ந்தபோது, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு அப்பா அதை ஓட்டிவந்தார் என்றும் சொல்வார். கதை முடியும்போது பொனட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார்.

“ஒரு ஆணிகூட மாத்தல்ல தம்பி. வந்த மாதிரியே நிக்குது.”

அந்தக் கம்பனியின் பெயரை நான் எழுதவில்லை. யாருடைய பெயரும் இல்லாத இடத்தில் அதற்கு மட்டும் சலுகை வேண்டாம். நெசவுத்தறியில் தொடங்கிய கம்பனி என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொடங்கியவர் ஒரு தச்சரின் மகன். நூல் ஒன்று அறுந்ததும் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்தார். தறியின் உரிமையை இங்கிலாந்துக்கு விற்ற பணத்தில்தான் மகன் கார் செய்யத் தொடங்கினான் என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன். அந்தப் பணம் காருக்குப் போகவில்லை என்போரும் உண்டு. முதல் கார் 1936 இல் வந்தது. குடும்பப் பெயரில் ஓர் ஓசையை மாற்றிக் கம்பனிக்கு வைத்தார்கள். மாற்றி எழுதினால் எட்டுக் கோடுகள் வரும், எட்டு அவர்களுக்கு ராசி. 1957 இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்கள் அங்கத்தைய பெருந்தெருக்களில் வேகம் பிடிக்க முடியாமல் அவமானப்பட்டன. ஒன்பது வருடம் கழித்து ஒரு சின்னக் காரைச் செய்தார்கள். அது உலகம் முழுக்கப் போனது. அத்தானுடையது அந்தக் குடும்பத்தில் இரண்டாம் தலைமுறை. அதே உருவில் எழுபதுகளில் பல வருடங்கள் வந்தது. ஆகையால் தோற்றத்தை வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

இங்கே அதை ஏன் இவ்வளவு விரும்பினார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. யுத்த காலத்தில் இரண்டு காவலரண்களுக்கு நடுவே, பொழுது சாயும் நேரத்தில், கார் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஏன் நின்றாய், யாருக்காக நின்றாய் என்று கேட்பார்கள். கேட்காமல் சுட்டதும் உண்டு. வழியில் நிற்காத கார் என்பது அன்று உயிரோடு சம்பந்தப்பட்ட விசயம். இன்று பாசிக்குடாவுக்குச் சுற்றுலாக்காரரைக் கொண்டுபோகும் வான்களிலும் பாதி அந்தக் கம்பனியுடையவை. ஓட்டுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது, நம்பிக்கை மட்டும் மிச்சமிருக்கிறது.

1990 இல் எல்லோரும் வீட்டை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது காரின் சில்லுகள் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. காரின் பதிவுப் புத்தகமான லொக் புக்கும் கல்யாணப் படங்களும் இருந்த பெட்டியும் இல்லை. அத்தான் நாலு கல்லடுக்கில் காரை ஏற்றி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கழுவுவார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உள்ளே இருந்து பத்திரிகை வாசிப்பார், கண்ணயர்வார். முப்பத்தைந்து வருடம் இப்படிப் போனது.

2025 இல் வாகன இறக்குமதி மறுபடியும் திறந்தது. அக்காவின் மகளைக் கல்யாணம் முடித்தவன் கட்டாரிலிருந்து வந்தவன். அதே கம்பனியின் புது ஹைபிரிட் கார் ஒன்றை இறக்கினான். வீடு அதற்கு முன்பே மகள் பேருக்கு மாறி, அக்காவும் அத்தானும் குசினிப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார்கள். வளவில் ஒரு கார் கொட்டில்தான், அதில் அத்தானின் கார். புதுக் கார் தென்னைக்குக் கீழே நின்றது. முதல் கிழமையே தென்னங்குரும்பட்டி விழுந்து கூரையில் பள்ளம்.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது கதை அதிலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, ஒரு கதைக்குக் கேக்கன். இது ஓடுமா?” என்றான் மருமகன்.

“சில்லும் பற்றரியும் போட்டா ஓடும்.”

“சில்லு, பற்றரி, லொக் புக், நம்பர் பிளேட். நாலும் இல்ல. கூரை மட்டும் மாமாட தலை மாதிரி மினுங்குது.”

மகள் சிரித்தாள். அத்தானும் சேர்ந்து சிரித்தார். பிறகு சொன்னார்: “மகன், வீடு உங்கட. குசினிக்குப் பின்னால போகச் சொன்னீங்க, போயிட்டன். கார் என்ட அப்பாட. அத நான் குடுக்க மாட்டன்.”

செத்தவரின் முதுசத்தில் கை வைக்க மருமகனுக்கும் பயம்தான். அவன் என் பக்கம் திரும்பினான்.

“சின்ன மாமா, நீங்கதானே திகதிக்காரன். இது எந்த வருசத்துக் கார்?”

பார்க்கலாம் என்றேன். அத்தான் முந்திக்கொண்டு எழுந்தார். தானே பொனட்டைத் தூக்கி, சாரத்தின் ஓரத்தால் தகட்டைத் துடைத்து எனக்குக் காட்டினார்.

“பாருங்க தம்பி. எழுபத்தொண்டு எண்டு வரும். எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க.”

இலக்கத்தை எழுதிக்கொண்டு, பழைய கார்ப் பிரியர்கள் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலைத் தொலைபேசியில் பார்த்தேன். 1977. மறுபடியும் பார்த்தேன். 1977. ‘சரியாத் தெரியல்ல’ என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஆண்டைச் சொன்னேன்.

“மாமாட அப்பா மோசம் போனது எப்ப?” என்றான் மருமகன்.

“எழுபத்துநாலு.” பதில் சொன்னது அத்தான் அல்ல, நான்.

“அப்ப மனிசன் மேல போய் மூணு வருசத்துக்குப் பிறகு வாங்கி அனுப்பியிருக்கார். பார்சல்ல.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் தோள் குலுங்கியது தெரிந்தது.

அத்தான் பொனட்டைப் பிடித்தபடியே நின்றார். “முன்பக்கம் மாத்தினது,” என்றார் மெல்ல. “புயலுக்குத் தென்ன விழுந்து மூக்குச் சப்பையாப் போச்சு. வேற ஒரு காரிட முன்பக்கத்த வெட்டி ஒட்டினது. தகடு அந்தக் காரிட தகடு.”

1978 நவம்பர் 23 புயல். அப்போது எனக்கு மூன்று வயது.

“ஒரு ஆணிகூட மாத்தல்ல எண்டுதானே இவ்வளவு காலமும் சொன்னீங்க அத்தான்?”

“அது சும்மா சொல்ற கதைதானே தம்பி. இந்தக் காரப் பத்தி எல்லாரும் அப்படித்தானே சொல்ற.”

“எது சும்மா சொல்ற கதை? அதுவா, இதுவா?”

நல்ல கேள்வி என்று அப்போது நினைத்தேன். மருமகன் கைதட்டினான். அத்தானின் பெருமையே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. ஐம்பது வருடம் ஒருவர் ஒரு விசயத்தைச் சொல்லி, அகப்பட்ட நிமிடத்தில் வேறொன்றைச் சொன்னால், பின்னையதைத் தள்ளுவதுதான் முறை. அந்த முறைப்படி நடந்தேன்.

ஒரு சாட்சி மிச்சமிருந்தது. அக்கா குசினி வாசலில் இருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்கட கல்யாணத்துக்கு இந்தக் கார் வந்ததா?”

“ஒரு கார் வந்த. இதுதானோ எண்டு நான் என்னத்தக் கண்டன் மனே? பொம்புள நான் தல குனிஞ்செல்லா இருந்த.”

“புயலுக்குத் தென்ன விழுந்ததா?”

“வீட்டுக் கூரையே போயிற்று. காரப் பாக்கவா எனக்கு நேரம்?”

என் அக்கா தன் கல்யாணத்துக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பதை இன்றும் வரிசையாகச் சொல்லக்கூடியவள். எந்தப் பசு எந்த மாதம் கன்று போட்டது என்று நானே அவளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொட்டில் அம்மா கட்டினது,” என்றாள் அக்கா. “அதுக்குள்ள கிடக்கிறது ஆர்ட எண்டு இனி என்ன கதை?”

சாட்சிக்கு நினைவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் பழைய இரும்பு எடுப்பவர் வந்தார். காரை முழுதாகத் தூக்க லொறி உள்ளே வராது என்று கேஸ் கட்டரால் மூன்றாக வெட்டினார். அத்தான் கதிரை போட்டிருந்து பார்த்தார். மருமகன் பக்கத்தில் போய்க் குனிந்து, “மாமா, ஞாபகத்துக்கு ஒரு ஆணி எடுத்துத் தரச் சொல்லவா?” என்றான்.

“வேணாம் மகன்,” என்றார் அத்தான். “அது மாத்தின ஆணி.”

அன்று பின்னேரமே புதுக் கார் கொட்டிலுக்குள் ஏறியது. அடுத்த கிழமை அத்தான் ஒரு பையோடு கதிரவெளிக்கு பஸ் ஏறினார். தன் சகோதரியின் வீட்டுக்கு. அந்த வீடும் இப்போது சகோதரியின் மகளுடையது. வலை போடும் கொட்டிலில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. மனைவி உயிரோடு இருக்கையில் எழுபத்துநாலு வயதில் ஒருவர் சகோதரி வீட்டுக்குத் திரும்பினால் ஊர் என்ன கதைக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்கிறவர்களிடம் அக்கா, “கடல்காத்து வாங்கப் போயிருக்கார்,” என்கிறாள்.

நவம்பரில், புயல் பற்றிய குறிப்புகளைத் திருத்துவதற்காக ஏறாவூருக்குப் போனேன். அந்தக் காலத்தில் டிங்கர் வேலை செய்த ஒரு முஸ்லிம் முதியவர் அங்கே இருக்கிறார். கார்களின் நசுங்கிய உடலைத் தட்டி நிமிர்த்துகிறவர். புயலுக்குப் பிறகு வந்த வேலைகளைப் பற்றிக் கேட்டேன்.

“மரம் விழுந்த காருகள்தான் தம்பி. முன்பக்கம் நசுங்கினதுக்கு வேற காரிட முன்பக்கம். பின்பக்கம் போனதுக்கு வேற காரிட பின்பக்கம். ரெண்டு மய்யத்த வெட்டி ஒரு மாப்பிள செஞ்ச மாதிரி.” பிணத்தை வைத்துச் சொன்ன பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

“ஜப்பான் நீளக் கார் ஏதும் வந்ததா வாப்பா?”

“மூணு நாலு செஞ்ச. ஒண்டு கதிரவெளி ஆளுட எண்டு நினைக்கன். வாழைச்சேனை ஆளுட எண்டும் நினைக்கன். நான் எழுதி வெக்கிற இல்ல. எழுதினா பிறகு ஆரும் வந்து கேப்பான்.”

“ஒட்டினது எப்படித் தெரியும்?”

“கதவுக்குக் கீழ பெயின்ற்றச் சுரண்டிப் பாருங்க. நான் பித்தளயாலதான் ஒட்டுற. மஞ்சளா ஒரு கோடு ஓடும். காரு நிக்குதா?”

இல்லை என்றேன்.

சுரண்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அன்று என் சட்டைப் பையில் வீட்டுச் சாவிகள் கொண்ட திறப்புக் கோர்வை இருந்தது. தகட்டில் இலக்கம் தெளிவாக இருந்ததால் வேறெதையும் தேடவில்லை.

இரும்புக்காரரிடம் போய்க் கேட்டேன். வெட்டிய துண்டுகள் செப்டெம்பரிலேயே கொழும்புக்குப் போய்விட்டன என்றார். பிறகு அக்காவிடம் போனேன். குசினியில் நாங்கள் இருவர் மட்டும். தென்னை விழுந்ததா என்று மறுபடி கேட்டேன்.

“இப்ப அது தெரிஞ்சு என்ன செய்யப் போறாய் மனே?” என்றாள். “கார் நிக்குதா?”

கதிரவெளிக்கு இங்கிருந்து நேரே பஸ் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை. டிங்கர் வேலைக்காரர் சொன்னதை அத்தானுக்குச் சொல்லியனுப்பவும் இல்லை. ஆதாரம் இல்லாத தகவலை யாருக்கும் சொல்வதில்லை என்பது என் வழக்கம். இந்த ஒரு விசயத்தில் அந்த வழக்கம் எனக்கு வசதியாகவும் இருக்கிறது. குறிப்புப் புத்தகத்தில் ஓகஸ்ட் பதிவுக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: காரின் முன்பக்கம் 1978 புயலுக்குப் பின் மாற்றப்பட்டதா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.