பல்புக்கு வைத்த சந்தனம்

என் காருக்குப் பதினான்கு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. பொழுது சாய்ந்தால் சாலை சரியாகத் தெரிவதில்லை. கண் மங்கியது காருக்கா எனக்கா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது.

அந்த நேரத்தில்தான் மச்சான் ஓசூரில் வீடு கட்டி முடித்தான். கிரகப்பிரவேசம் விடியற்காலை ஐந்து மணிக்கு. பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து இருட்டிலேயே கிளம்ப வேண்டும்.

"உங்க கார்ல நான் வரமாட்டேன். முந்தின நாளே பஸ் புடிச்சுப் போயிடுறேன். நீங்க விடிஞ்சப்புறம் மெதுவா வாங்க" என்றாள் மனைவி.

எல்லோரும் பால் காய்ச்சிக் குடித்த பிறகு தனியாகப் போய் இறங்கினால், மச்சான் ஆயுள் முழுக்கக் கேலி செய்வான். உடனே போய் காரின் முன்விளக்குக்கு நூறு வாட் பல்ப் இரண்டு வாங்கினேன். "வயரிங்கைப் பார்த்துட்டுப் போடுங்க சார்" என்றார் கடைக்காரர். எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

ஆயுத பூஜையன்று காலையில் நானே மாட்டினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மிக்ஸி, லேப்டாப், இன்வெர்ட்டர் எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. புதிதாக வந்தவர்களை விடலாமா? இரண்டு பல்பின் கண்ணாடியிலும் கட்டைவிரலால் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்து, உள்ளே செருகினேன்.

மாலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம். தெரு பகலாகிவிட்டது. எதிரே வந்த ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ கத்தினார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் சந்தன வாசனை வந்தது.

"கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குங்க" என்றாள். அடுத்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பானெட்டுக்குள்ளிருந்து புகை.

"தீ! தீ!" என்று அலறியபடி கதவைத் திறந்து ஓடினேன். இளநீர்க் கடை வரை போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். மனைவி சீட் பெல்ட்டோடு காரிலேயே இருந்தாள். என் மார்போடு அணைத்திருந்தது பூஜைப் பொரி மூட்டை.

"பொரியைக் காப்பாத்திட்டீங்க, ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஜன்னல் வழியாக. "லைட்டை நான் அணைச்சிட்டேன். பயப்படாம வாங்க."

இரண்டு நாள் கழித்து பக்கத்திலுள்ள ஆடுகோடியில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். கடை வாசலில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடிக்கிடந்தது. அவர் பல்பைக் கழற்றி, உற்றுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சா, இங்க வாயேன்! சாரு பல்புக்கு நலங்கு வெச்சிருக்காரு!"

சிரித்து முடித்தபின் விளக்கினார். "இந்தக் கண்ணாடியை வெறுங்கையால தொட்டாலே எண்ணெய்ப் பசை ஒட்டி, சூட்டுல வெடிச்சிடும் சார். நீங்க சந்தனமே பூசியிருக்கீங்க. பின்னாடி ஹோல்டரும் உருகிப்போச்சு. அறுபது வாட்டுக்குப் போட்ட வயரு நூறை எப்படித் தாங்கும்?"

"பெரிய வயராப் போட்டு, நூறையே வெச்சுட்டா?"

"பேடா சார், வேணாம். ரூல்லயும் இடமில்ல. உங்களுக்குப் பளிச்சுனு இருக்கும், எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சிடும். அவனும் வூடு போய்ச் சேரணும்ல?"

நல்ல அறுபது வாட் பல்புகளைத் துணியால் பிடித்து மாட்டினார். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, ரிலேயும் தனி ஃப்யூஸும் வைத்தார். பழைய வயர் வழியாகப் பல்புக்கு முழுக் கரண்ட்டே போய்ச் சேரவில்லையாம். மஞ்சள் பூத்திருந்த விளக்குக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றினார். கடைசியில், இருட்டியதும் காரைச் சுவர் முன்னால் நிறுத்தி, வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் படாதபடி திருகினார். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்ற கன்னட எச்சரிக்கை எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. கவிதையைக்கூட நான் அவ்வளவு ரசித்துப் படித்ததில்லை.

"பாதி வழியில பயமா இருந்தா எறங்கி பஸ் ஏறிடுவேன்" என்ற நிபந்தனையோடு மனைவி காரில் ஏறினாள். கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலை, மணி மூன்றே முக்கால். ஒரு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து வந்தவள் அவள். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை ஒன்று தூரத்திலேயே தெரிந்தது. வேகத்தைக் குறைத்து ஏறி இறங்கினேன். அவள் கால் பிரேக்கைத் தேடவில்லை.

அத்திப்பள்ளி வருவதற்குள் திரும்பிப் பார்த்தேன். மடியில் பால் பாத்திரம், ஜன்னலில் தலை, கண் மூடியிருந்தது.

"ஏம்மா, மயக்கமா? ஏம்மா!"

"தூங்க விடுங்க. ரோட்டைப் பாருங்க."

பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.