வேலுவின் படத்துக்கு எதிரே செருப்போடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது வேலு, தாயில்லாமல் என்னிடம் வந்த என் தங்கை மகன். ஐந்து பேரையும் காலேஜ் வரை படிக்க வைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தாலும் இது நானே எழுதியது.

வேலு திருப்பதியில் படித்தான், நன்றாக ஓடுவான். இருபத்தோரு வயதில் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த வருஷம் மாட்டுப் பொங்கல் விடுமுறையில், கூடப் படித்தவர்கள் அவன் பெயரில் ஓர் ஓட்டம் வைத்தார்கள். சேரும் பணம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு. ஓட முடியாதவர்கள் கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்கலாம் என்றார்கள். எங்கள் ஊர் பாலசமுத்திரத்திலிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறிப் போனேன்.

வேண்டுதலுக்கு எத்தனையோ முறை திருமலைப் படி ஏறியிருக்கிறேன், எல்லாம் வெறுங்காலோடு. பிள்ளைக்காக நடப்பதும் அப்படித்தானே? செருப்பை விட்டுவிட்டு, நடை தொடங்கும் இடத்தில் வைத்திருந்த அவன் படத்துக்குப் பூப் போட்டு, சந்திரகிரி ரோட்டில் நடந்தேன். காலில் சுருக்கென்றுகூட இல்லை. சாமி தாங்குகிறார் என்று பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் மருமகள் கோமதி கூடத்துத் தரையில் ஈரத் தடம் பார்த்தாள். என் வலது பாதத்துச் சீழ். ஒரு கருங்கல் சில்லு உள்ளே ஏறியிருந்தது.

திருப்பதியில் டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாராம், தொட்டதும் நான் சொல்ல வேண்டுமாம். காத்துக்கொண்டே இருந்தேன்.

"எப்ப தொடுவீங்கம்மா?"

"பத்து வாட்டி தொட்டாச்சும்மா."

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார். "வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பீங்க. வலிக்காததுதான் உங்க வியாதி."

சுண்டுவிரலை எடுத்தார்கள். டிப்ரைட்மென்ட் (செத்த சதையைச் சுரண்டி எடுப்பது) இரண்டு முறை நடந்தது. ஐந்து மாதம் கட்டு. புண் ஆறியதும் மெத்தென்ற அடியும் பின்வாரும் வைத்த ஒரு செருப்பைக் கொடுத்து, வீட்டுக்குள்ளும் கழற்றி நடக்கக் கூடாது, இன்னொரு புண் வந்தால் பாதமே போகும் என்றார். சாமி அறைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். வாசலில் நின்று கும்பிடச் சொன்னார், சாமிக்குக் கண் நன்றாகத் தெரியுமாம்.

இந்த வருஷ ஓட்டம் வந்தது. போக ஆசை. ஆனால் செத்த பிள்ளையின் படத்துக்கு முன்னால் செருப்போடு எப்படி நிற்பது? போகாமலே இருந்துவிடுகிறேன் என்று கோமதியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஷூவோட வூட்டுக்குள்ள ஓடியாந்து உங்ககிட்ட திட்டு வாங்கிக்கினே இருந்த புள்ள அத்தே அவன். அவனா கோச்சிக்கப் போறான்?"

போனேன். படத்தருகே வந்ததும் தானாகக் குனிந்தேன், கை செருப்பு வாரைத் தொட்டது. தொட்டதோடு நிறுத்தினேன். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"வாசப்படி தாண்டி ஷூவோட வந்தா கால ஒடிப்பேன்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன். இப்ப பாரு, நானே நிக்கிறேன். சிரிச்சிக்கோடா."

படத்தில் அவன் முன்பே சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. எல்லோருக்கும் கடைசியாக வந்தேன். ஓட்டம் முடியும் இடத்தில் போட்ட பந்தலைப் பிரிக்காமல் பிள்ளைகள் காத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன், பாதம் சுத்தமாக இருந்தது.

முன்பெல்லாம் உடம்பு கூப்பிடும், நான் போய்ப் பார்ப்பேன். இப்போது அது கூப்பிடாது. நான்தான் போய் விசாரிக்க வேண்டும். தினம் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கிறேன். அவசரமே இல்லை, விரல் விரலாகப் பார்ப்பேன். விரல் இல்லாத இடத்தையும் பார்ப்பேன். சர்க்கரை உள்ளவர்கள் நீங்களும் பாருங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எழுதி முடிக்கும்போது பேத்தி திவ்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"மொதல்லேர்ந்து படி கண்ணு. மெதுவா படி. அதுக்குள்ள ஆயா கால பாத்துக்கினு இருக்கேன்."