வாத்து ஓட்டாத மார்கழி

மார்கழி பிறப்பதற்கு முன்பே கரைவெட்டி ஏரியில் வாத்துகள் வந்து இறங்கிவிடும். சாம்பல் நிற உடம்பு, தலையில் இரண்டு கறுப்புக் கோடு. பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, எங்கள் வீட்டில் அவற்றுக்கு நல்ல பெயர் கிடையாது. பகலெல்லாம் ஏரி நடுவில் சாதுவாக மிதந்துவிட்டு, விடியும் நேரத்தில் கூட்டமாக வந்து கரையோரத்து வயலில் இறங்கி இளம்பயிரை வேரோடு பிடுங்கித் தின்னும்.

அந்த வயலும் எங்களுடையதல்ல. பெரிய வீட்டுக்காரரின் நிலத்தை, விளைச்சலில் அவருக்குப் பங்கு அளந்து, அப்பா வாரத்துக்குச் செய்துவந்தார். வாத்து ஓட்டுவது அக்காவுக்கும் எனக்கும் விட்ட வேலை. இருட்டோடு எழுந்து, பனியில் பல் கிடுகிடுக்க, பழைய எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. வாத்துகளைவிட அந்த டின்னைத்தான் அதிகமாக வெறுத்தேன்.

அதனால் பெரிய வீட்டு மாப்பிள்ளை என் கண்ணுக்குத் தெய்வமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. மெட்ராசில் உத்தியோகம் பார்த்த அவர் லீவுக்கு மாமனார் வீடு வந்திருந்தார். முழங்கை நீளத்துக்கு மூக்கு வைத்த ஒரு கேமரா கழுத்தில் தொங்கியது. வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறப்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஏரியில் அவை தூரமாக நின்றன. எங்கள் வயலில்தான் காலை வெயில் வாகாக விழுந்தது.

பெரிய வீட்டுக்காரரே வயலுக்கு வந்து சொன்னார்.

“புள்ளைங்கள டின்னு தட்ட அனுப்பாத. மாப்ள படம் புடிக்கிற வரைக்கும் வாத்து வந்து பழகட்டும்.”

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “தண்ணி பிந்தி வந்து இப்பத்தான் நட்டதுங்க. விட்டா மிஞ்சாதுங்க ஐயா.”

“நெலம் என்துடா. போனா நான் பாத்துக்கிறேன். ஒனக்கென்ன?”

அன்றைக்கு வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே நின்றாள். “கறாரா சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்டி.”

“ஒருவாட்டி சொன்னா ஆச்சா?”

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். எனக்கோ விடிந்த பிறகும் தூங்கலாம் என்ற சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில் வாத்துச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பரண்மேல் வைத்தார். எங்கே என்னை எழுப்பிவிடுவார்களோ என்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். அதை இப்போதும் சொல்வேன். வயல் மூலையில் பனையோலையால் ஒரு மறைப்புக் கட்டி அதற்குள் உட்கார்ந்திருப்பார். வேடிக்கை பார்க்கப் போகும் எங்களுக்கு பிஸ்கட் கொடுப்பார். கேமரா வழியாக ஒருமுறை பார்க்கவிட்டார். மூக்கு நுனியில் வாத்து நின்றது. தொட்டுப்பார்க்கக் கை நீட்டிவிட்டேன். தினமும் ஒரு காரணத்தால் படம் தள்ளிப்போனது. ஒருநாள் பனிமூட்டம். ஒருநாள் வெயில் போதவில்லை. இன்னும் கூட்டம் சேரட்டும் என்றார். சேர்ந்தது.

“புல்ல எவ்வளவு ஆசையா மேயுது பாரு,” என்றார் என்னிடம்.

“புல்லு இல்ல சார், நெல்லு,” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் பனி சீக்கிரம் விலகியது. வயலில் பச்சையே தெரியவில்லை, அத்தனை வாத்து. பெரிய வீட்டுக்காரரும் கரையில் வந்து நின்றார். மாப்பிள்ளை அப்பாவை அழைத்து, “நான் கை காட்டுனதும் அந்த வரப்புலேருந்து இப்படி ஓடி வாங்க,” என்றார்.

கை காட்டினார். அப்பா ஓடிவந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் எழும்பியது. இறக்கைக் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. வயலுக்கு மேலே வெயில் மறைந்து திரும்ப வந்தது. மறைப்புக்குள்ளிருந்து மாப்பிள்ளை துள்ளி எழுந்து, “போதும், போதும், நில்லுங்க!” என்றார்.

அப்பா நிற்கவில்லை. வயலில் ஒரு வாத்துகூட இல்லை. அவர் சேற்றில் விழுந்து எழுந்து, கத்திக்கொண்டே ஏரிக்கரை வரைக்கும் ஓடினார். மண்கட்டியை எடுத்து வானத்தைப் பார்த்து வீசினார். நான் கைதட்டினேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்து இறுக்கிக்கொண்டாள்.

“பய நல்லா ஓடுறான்யா,” என்று பெரிய வீட்டுக்காரர் சிரித்தார்.

அறுப்பு நேரத்தில் வயல் சொறிபிடித்த மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. வாரத்தைக் குறைக்கச் சொல்லி அப்பா கேட்கப் போனார். “வாத்து எல்லாரு வயல்லயுந்தான் எறங்குது. பயிரக் காபந்து பண்றது யாரு பொறுப்பு?” என்று பெரிய வீட்டுக்காரர் கேட்டாராம். இருந்ததை அளந்து கொடுத்தோம். காபந்து பண்ணத் தெரியாதவன் என்று நிலத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போவதென்று முடிவாயிற்று. டவுன், பஸ் என்று எனக்கு ஒரே குதூகலம்.

கிளம்புவதற்கு முதல்நாள் சொல்லிக்கொள்ள அப்பா பெரிய வீட்டுக்குப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் வாசலிலேயே நின்றார். நான் கதவோரமாகத் தலையை நீட்டினேன். கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த வாத்துக் கூட்டம். அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. படத்தின் அடியில், கையை விரித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்தபடி அப்பா.

“அப்பா, படத்துல நீங்க சிரிக்கிறீங்க!” என்று கத்தினேன்.

அவர் எட்டிப் பார்க்கவில்லை. “ஆமா பாப்பா,” என்றார்.

அரியலூரில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எங்கள் அப்பா சிரிக்கிற படம் ஊரில் பெரிய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.